இரும்பு பேட்டும் 28 பவுண்டும்

ஷட்டில் விளையாட ஆரம்பித்த எட்டாவது மாதத்தில் வலது கணுக்கால் மடங்கி மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். சும்மா கிடப்பவன் கணக்குப் பார்ப்பான் அல்லவா, நானும் பார்த்தேன். பேட், அதற்குப் போட்ட நரம்பு என்று அதுவரை 9,400 ரூபாய் போயிருந்தது. காலுக்கென்று செலவழித்தது ஒரு ரூபாய்கூட இல்லை. கடற்கரைச் சாலையில் காலை நடைக்காக என்றோ வாங்கிய ஓட்டக் காலணியைத்தான் எட்டு மாதமும் மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறேன்.

41 வயதில் பிடித்த பைத்தியம் இது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எனக்கு வேலை. 2023 தொடக்கத்தில் எங்கள் தெரு இளைஞர்கள் ஒரு காலி மனையில் சிமெண்டு பூசி, கோடு வரைந்து, இரண்டு கம்பம் நட்டார்கள். கடற்காற்று எழுவதற்கு முன்னால், விடியற்காலை ஐந்தரைக்கு ஆட்டம். செய்தித்தாளில் இறகுப்பந்து என்று எழுதுவார்கள். எங்கள் பக்கம் பூப்பந்து என்றால் மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து அணிக்கு ஐந்து பேராக ஆடுவது, இது ஷட்டில். கையில் பிடிப்பது பேட், அடிபடுவது காக்.

நான் முதலில் வாங்கியது கடை வாசலில் தொங்கிய ஜோடி பேட். இரண்டு பேட், மூன்று பிளாஸ்டிக் காக், ஒரு பை, எல்லாம் சேர்த்து 700 ரூபாய். இரும்புச் சட்டம். தலையும் தண்டும் சேரும் இடத்தில் ஆங்கில ‘T’ எழுத்து வடிவத்தில் ஓர் இணைப்பு துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தாலே இது எந்த ரகம் என்று தெரிந்துவிடும். எடை எளிதாக 100 கிராமைத் தாண்டும். மொட்டை மாடியில் குழந்தைகளோடு தட்டி விளையாட அது போதும், குறை சொல்லமாட்டேன். ஆனால் மூன்று மாதத்தில் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. உள்ளரங்கம் ஒன்றில் மாதச் சந்தா கட்டிச் சேர்ந்தேன்.

அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஜப்பானில் வைத்துச் சோதித்த இந்திய ஆட்டக்காரர் சாத்விக் சாய்ராஜின் ஸ்மாஷ் (தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிப்பது) மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் போய் கின்னஸ் சாதனை ஆனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 6,900 ரூபாய்க்கு ஒரு பேட் வாங்கினேன். தலை கனமானது, தண்டு விறைப்பானது, ‘தாக்கி ஆடுபவர்களுக்கு’ என்று அட்டையில் போட்டிருந்தது. அரங்கத்தில் கூட ஆடும் பையன் ஒருவன் தன் பேட்டுக்கு 28 பவுண்டு இழுவிசையில் நரம்பு போட்டிருந்தான். அவனுக்கு வயது 19, ஒன்பது வயதிலிருந்து பயிற்சி. எனக்கும் 28 போடச் சொன்னேன். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டுக் கொடுத்துவிட்டார்.

இரண்டு மாதத்தில் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சுரீர் என்று இழுக்கும். காக்கோ பின்கோட்டிலிருந்து அடித்தால் எதிராளியின் நடுக்களத்தைத் தாண்டவில்லை. பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்தேன். வலி கூடியதுதான் மிச்சம்.

அண்ணாச்சியிடம் போனது அதற்குப் பிறகுதான். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சைக்கிள் உதிரிபாகங்களுக்கு நடுவே ஒரு நரம்பு போடும் இயந்திரம் வைத்திருக்கிறார். எடைக்கல் தொங்கும் கையை இறக்கி இழுவிசை கொடுக்கும் பழைய வகை. நரம்பு போடுவதை இங்கே கட்டிங் என்பார்கள். (“கட்டிங் போட்டுவிட்டு வருகிறேன்” என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினால் வேறு மாதிரி அர்த்தமாகும் என்பதை அனுபவத்தில் அறிந்தேன்.) இளம் வயதில் பாளையங்கோட்டையில் பூப்பந்து மரப் பேட்டுகளுக்கு நரம்பு பின்னக் கற்றவர் அவர். என் பேட்டை வாங்கி நரம்பில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

“யாருக்குத் தம்பி இது?”

“எனக்குத்தான் அண்ணாச்சி.”

“காக் என்ன எடை இருக்கும்?”

தெரியாது என்றேன். ஐந்து கிராம் என்றார். விதிப்படி 4.74 கிராமிலிருந்து 5.50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று பின்னால் நானே படித்தேன். “ஐந்து கிராம் சாமானை அடிக்கச் சுத்தியல் எதற்கு?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் நரம்பை வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

இறுக்கிப் போட்டால் வேகம் கூடும் என்று என்னைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மை நேர்மாறானது. முறுக்கிக் கட்டிய புதுக் கயிற்றுக் கட்டிலில் குதித்தால் இடுப்புதான் வலிக்கும். கொஞ்சம் தளர்ந்த கட்டில்தான் ஆளைத் தூக்கிவிடும். நரம்பும் அப்படித்தான். தளர்வாக இருந்தால் காக் சற்று உள்வாங்கி எம்பிப் போகும், சரியாகப் படும் பரப்பும் பெரிதாக இருக்கும். இறுக்கம் கூடக் கூட அந்தப் பரப்பு சுருங்கும். நடுவில் படாத ஒவ்வோர் அடியும் கையில் அதிரும். மணிக்கட்டு வேகம் உள்ளவர்கள் துல்லியத்துக்காக இறுக்குகிறார்கள். ஆரம்பத்தில் இருப்பவர் 20 முதல் 23 பவுண்டுக்குள் நின்றுகொள்வது நல்லது. எனக்கு 22 போட்டார். மறுநாள் காலை காக் பின்கோட்டுக்குப் போனது. ஒரு மாதம் ஆட்டத்தைக் குறைத்து ஓய்வும் கொடுத்ததில் முழங்கை மெல்ல வழிக்கு வந்தது.

நரம்பின் கனமும் பார்க்க வேண்டும். மெல்லிய நரம்பு ‘டங்’ என்று சத்தம் கொடுக்கும், அதற்கு மயங்கி வாங்குவோம், சீக்கிரம் அறுந்துவிடும். யோனெக்ஸ் நிறுவனத்தின் பிஜி 65 என்ற நரம்பு 0.70 மில்லிமீட்டர்; பிஜி 66 அல்டிமேக்ஸ் 0.65. அந்த 0.05 மில்லிமீட்டரில் என் பணம் எத்தனையோ முறை கரைந்திருக்கிறது. நடுவில் அடிக்கப் பழகாதவன் சட்டத்தின் ஓரமாகவே அடிப்பான், ஓரத்தில் அடிபட்டால் நரம்பு பட்டென்று போகும். அதனால் தொடக்கத்தில் கனமான நரம்புதான். ஆடாமல் வைத்திருந்தாலும் நரம்பு தளரும், போட்ட முதல் நாளிலேயே கொஞ்சம் இறங்கிவிடும். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறோமோ ஆண்டுக்கு அத்தனை முறை நரம்பு மாற்று என்று ஆட்டக்காரர்கள் ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். நான் அறுந்தால்தான் மாற்றுகிறேன். சுத்தமாகத் தொய்ந்து, சத்தம் செத்துப்போனால் மட்டும் முன்கூட்டியே.

அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நட்டப்பட்டே கற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு நரம்பு அறுந்தது. அண்ணாச்சி கடை விடுமுறை. பேட்டை அப்படியே பையில் போட்டு, பத்து நாள் மறந்துவிட்டேன். கொண்டுபோனபோது கண்ணாடி மேசைமேல் படுக்க வைத்து ஓர் ஓரத்தை விரலால் அழுத்தினார். கடகடவென்று ஆடியது. ஒரு பக்கம் நரம்பு விட்டுப்போக, மற்ற பக்கங்கள் இழுத்துக்கொண்டே இருந்ததில் சட்டம் கோணிவிட்டது. ஒன்று அறுந்தால் உடனே எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டுமாம். அதையும் ஓரத்திலிருந்து வரிசையாக வெட்டக் கூடாது. நடுவில் தொடங்கி, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி வெளியே வர வேண்டும். இப்போது என் பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் நிரந்தரமாக இருக்கிறது. பழைய மரப் பேட்டுகளை நான்கு மூலையிலும் திருகு வைத்த சட்டத்துக்குள் இறுக்கி வைப்பார்கள், மழைக்காலத்தில் மரம் கோணாமல் இருக்க. “கிராஃபைட் வந்த பிறகு உங்களுக்கெல்லாம் பயம் போய்விட்டது” என்பது அண்ணாச்சியின் மனக்குறை.

கிராஃபைட்டுக்கு ஈரத்தைவிட வெயில்தான் பகை. நிறுத்தி வைத்த காரின் பின்பெட்டியில் சித்திரை மாத மத்தியானம் பேட்டை விட்டால் நரம்பும் தளரும், சட்டத்துக்கும் நல்லதில்லை. இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளியின் பேட்டோடு மோதினால் அன்று இரவே விளக்கடியில் சுற்றிலும் பாருங்கள். சாயம் பெயர்ந்திருந்தால் கவலையில்லை. மயிரிழைபோல் கோடு தெரிந்து, நகத்தால் நெருடும்போது தட்டுப்பட்டால், அடுத்த முறை நரம்பு இழுக்கும்போது இயந்திரத்திலேயே ஒடிந்துவிடலாம். சட்டத்தின் துளைகளில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாய்கள் வெடித்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். விலை சொற்பம், மாற்றாவிட்டால் துளையின் விளிம்பு நரம்பை அறுக்கும்.

சரி, என்ன பேட் வாங்குவது? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், இதில்தான் பேச்சு குறைவாக இருக்க வேண்டும். பிடிக்குச் சற்று மேலே கூம்பு போன்ற பகுதியில் 4யூ, ஜி5 என்பது போல அச்சிட்டிருக்கும். யூ என்பது எடை: 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ 80 முதல் 84, 5யூ 75 முதல் 79. எண் ஏறினால் எடை இறங்கும். ஜி என்பது பிடியின் பருமன். யோனெக்ஸில் அதுவும் அப்படியே, எண் ஏறினால் பிடி மெலியும். நரம்பு எத்தனை பவுண்டு வரை தாங்கும் என்பதும் பேட்டிலேயே இருக்கும். முழுக்க கிராஃபைட், 4யூ, தலையும் பிடியும் சமமாக நிற்பது, தண்டு வளைந்துகொடுப்பது. இவ்வளவு கேட்டு வாங்கினால் போதும். இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. இப்போது நான் ஆடுவது 1,900 ரூபாய் பேட்டில். சமநிலையைப் பார்க்க, தண்டை ஒரு விரல்மேல் கிடத்திப் பாருங்கள், தலைப்பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று கை சொல்லிவிடும். பெரிய ஆட்டக்காரர் பெயர் அட்டையில் இருந்தால் ஓரடி பின்வாங்குங்கள்.

பிடியைப் பற்றி ஒரு சின்ன விஷயம். புது பேட்டின் பிடிமேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை சுற்றியிருக்கும். புது சோபாவின் உறையைக் கழற்றாமல் பத்து வருடம் உட்காரும் பரம்பரை நாம், நானும் கழற்றவில்லை. வியர்வையில் வழுக்கியது, வழுக்கியதால் இறுக்கிப் பிடித்தேன், இறுக்கிப் பிடித்ததில் முழங்கைக்குக் கூடுதல் சுமை. கழற்றி எறியுங்கள். பிடிமேல் ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய கிரிப் பட்டை ஒன்றைச் சுற்றினால் போதும். மெலிந்த பிடியைச் சுற்றிச் சுற்றிப் பருமனாக்கலாம், பருத்ததை மெலிய வைக்க முடியாது. ஜி5 வாங்குவதில் இருக்கும் வசதி அதுதான். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு கிரிப் போய்விடுகிறது. துவாலைத் துணியில் செய்த கிரிப் வியர்வையை நன்றாக உறிஞ்சும், ஆனால் காய வைக்காவிட்டால் நாற்றம் தாங்காது. நனைந்த பனியனையும் துண்டையும் பேட்டோடு பையின் ஒரே அறையில் திணிக்காதீர்கள் என்று பிறருக்குச் சொல்வதற்கு எனக்கு முழு உரிமை உண்டு. ஒரு மழைக்காலத்தில் பையைத் திறந்தபோது கிரிப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது.

காலுக்கு வருகிறேன். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் கற்ற வரிசையே தலைகீழானது.

ஓட்டக் காலணி முன்னோக்கிப் போவதற்கு. குதிகால் உயரமாக, அடி மெத்தென்று இருக்கும். ஷட்டிலில் பக்கவாட்டில் பாய்ந்து, சட்டென்று நின்று, திரும்ப நடுவுக்கு வர வேண்டும். அன்று முன்மூலையில் விழப்போன காக்கை எடுக்க வலதுகாலை நீட்டினேன். காலணி தரையைப் பிடித்துக்கொண்டது, உடம்பு நகர்ந்துகொண்டிருந்தது, நடுவில் இருந்த மெத்தை ஒருபுறமாக அமுங்கியது. கணுக்கால் வெளிப்புறம் மடிந்த சத்தம் எனக்கே கேட்டது. அன்றைக்கு ஆடிய தரை செயற்கை விரிப்பு. அதன் பிடிமானம் நல்லது, தவறான காலணிக்கு அந்தப் பிடிமானமே எமன்.

ஷட்டில் காலணியின் அடிப்பாகம் கம் ரப்பரில் இருக்கும், தட்டையாக, தரைக்கு நெருக்கமாக. ‘நான்-மார்க்கிங்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள், தரையில் கறை விடாதது என்று பொருள். ஆனால் அந்த வார்த்தை மட்டும் போதாது. கறை விடாத ஓட்டக் காலணிகளும் உண்டு. கையில் எடுத்துப் பக்கவாட்டில் முறுக்கிப் பாருங்கள், நடுப்பகுதி துணிபோலத் துவண்டால் வேண்டாம். கடைக்குச் சாயங்காலம் போங்கள், பகல் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், ஆடும்போதும் அப்படித்தான் இருக்கும். விளையாட்டுக்குப் போடும் கனமான காலுறையையே அணிந்து அளவு பாருங்கள். நான் கொடுத்தது 2,800 ரூபாய். முதலில் செலவழித்திருக்க வேண்டிய பணம்.

அந்தக் காலணியைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள். மண் ஒட்டினால் கம் ரப்பர் வழுக்கும், சிமெண்டில் உரசினால் தேயும். தெரு ஆட்டத்துக்கு வேறொரு பழைய காலணியைத் தட்டையான அடியோடு வைத்திருக்கிறேன். அரங்கத்துக்குப் போய்த்தான் மாற்றுகிறேன். ஆட்டத்துக்கு முன் ஈரத்துணியால் அடியை ஒரு துடைப்பு. முடிந்ததும் உள்ளட்டையை வெளியே எடுத்து நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் பசை விட்டு அடி வாய்பிளக்கும். ஆசைப்பட்டு வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் ஆபத்துதான்: எங்கள் கடற்கரை ஈரப்பதத்தில் நண்பர் ஒருவரின் காலணி, நான்கு வருடம் கழித்து எடுத்துப் போட்ட அன்றே அடி பொடிப்பொடியாக உதிர்ந்தது.

இனி காக். மாதாமாதம் ஓடும் செலவு இதுதான். சிறகுக் காக்கில் 16 இறகுகள். வாத்து அல்லது பெருவாத்தின் இறகு, அதுவும் ஒரு காக்கில் இருப்பதெல்லாம் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தவை, அப்போதுதான் ஒரே திசையில் சுழன்று நேராகப் போகும். சரியாக அடிக்கத் தெரியாத கையில் அது ஒரு ஆட்டம்கூடத் தாங்காது. விலையும் இப்போதெல்லாம் ஏறிக்கொண்டே போகிறது. முதல் ஆறு மாதம் நைலான் காக்கில் பழகுங்கள், திறந்தவெளியிலும் அதுதான். நைலானில் கார்க்கைச் சுற்றி ஒரு வண்ணப் பட்டை இருக்கும்: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. காற்று சூடானால் அடர்த்தி குறையும், காக் அதிக தூரம் பறக்கும். ஆகவே வெப்பமான நம் ஊர்களுக்குப் பச்சை. கடையில் பெரும்பாலும் நீலம்தான் கொடுப்பார்கள், கேட்டு வாங்க வேண்டும். சிறகுக் காக்கில் 76, 77, 78 என்று எண் போட்டிருக்கும். எண் குறைந்தால் வேகம் குறைவு. எங்கள் அரங்கத்தில் 76தான் கோட்டுக்குள் நிற்கிறது. சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பின்கோட்டின்மேல் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு 53 சென்டிமீட்டர் முதல் 99 சென்டிமீட்டர் வரை முன்னால் விழ வேண்டும்.

சிறகுக் காக்குக்கு மாறியதும் எனக்கொரு யோசனை வந்தது. வீட்டில் புழுக்கம், அலுவலகத்தில் குளிர்சாதனம். காக் அடைத்து வரும் குழாய்கள் இரண்டையும் அலுவலக அலமாரியில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து எடுத்து ஆடினால், அடிக்கு ஓர் இறகு அப்பளம் மாதிரி நொறுங்கியது. குளிர்சாதன அறை ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. இறகுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அதனால் ஆட்டத்துக்கு முந்தின இரவு குழாயின் இரு மூடியையும் திறந்து, இறகுப் பக்கம் கீழே இருக்கும்படி ஆவியில் பத்து விநாடி காட்டி, மூடி வைக்கிறேன். கார்க்கில் ஆவி படக் கூடாது, அதிகம் காட்டினால் எடை கூடி மந்தமாகும். எங்கள் வீட்டில் ஆவி என்றால் இட்லிக் கொப்பரைதான். சனிக்கிழமை இரவு அடுப்பங்கரையில் வாத்து இறகோடு நான் நிற்பதைப் பற்றி என் மனைவிக்கு உறுதியான கருத்துகள் உண்டு, அவற்றை இங்கே எழுத முடியாது.

கோணிய அந்த 6,900 ரூபாய் பேட்டை அண்ணாச்சி தூக்கி எறியச் சொல்லவில்லை. 20 பவுண்டில் பிஜி 65 போட்டுத் தந்தார். மகன் அதை எடுத்துப் போய்விட்டான்; அவனுடைய வீச்சுக்கு அந்தத் தலைக்கனம் ஒத்துப்போகிறது, முழங்கை வலிக்கும் வயதும் அவனுக்கு இல்லை. நான் அவனுக்கு வாங்கிக் கொடுத்தது காலணி மட்டும்.

முதலில் வாங்கிய இரும்பு பேட்டுகளில் ஒன்று துருப்பிடித்துக் குப்பைக்குப் போயிற்று. மற்றொன்று அம்மாவிடம் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் மொட்டை மாடியில் கூழ் வற்றல் காயும்போது நிழலில் நாற்காலி போட்டு, மடியில் அதை வைத்துக்கொண்டு காக்கை விரட்டுகிறாள். அந்த பேட்டுக்கு இன்றுவரை நரம்பு அறுந்ததில்லை.